நட்சத்திரங்களும் எல்லைக்கோடுகளும்: ஒரு போர்க்கால மாலுமியின் பதக்கங்கள் எதற்குச் சான்று?

1. கேள்வி

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையில் பணியாற்றிய சாதாரண மாலுமி ஒருவர் விட்டுச் சென்ற பதக்கங்களைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே வகை அடுக்குதான் இருக்கும். 1939–45 நட்சத்திரம், அட்லாண்டிக் நட்சத்திரம், சில வேளை ஆப்பிரிக்க நட்சத்திரமோ பர்மா நட்சத்திரமோ, கடைசியில் வட்ட வடிவப் போர்ப் பதக்கம். குடும்பத்தார் இவற்றைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். ஏல நிறுவனங்கள் விலை போடுகின்றன. உள்ளூர் வரலாறு எழுதுவோர் இவற்றை வைத்தே ஒரு வாழ்க்கைக் குறிப்பைத் தயாரித்துவிடுகிறார்கள்: அட்லாண்டிக்கில் போரிட்டார், ஆப்பிரிக்காவில் போரிட்டார், பர்மாவில் போரிட்டார்.

இந்த வாசிப்பு எவ்வளவு தூரம் நம்பத் தகுந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. போர்முனைப் பதக்கங்கள் ஒரு மனிதர் பட்டதைப் பதிவுசெய்கின்றனவா? அல்லது அரசு வரைபடத்தில் கிழித்த கோடுகளில் எவற்றை அவர் தாண்டினார், தாண்டி எத்தனை நாள் இருந்தார் என்பதை மட்டும் சொல்கின்றனவா? இரண்டாவதே சரி என்பது என் முடிவு. அதற்கு மிகத் தெளிவான சான்று, ரஷ்யாவின் வட துறைமுகங்களுக்குச் சென்ற ஆர்க்டிக் கான்வாய்களில், அதாவது போர்க்கப்பல்களின் காவலோடு கூட்டமாகப் போன வணிகக் கப்பல் அணிகளில், பணியாற்றியவர்களின் கதை. தங்களுக்கென ஒரு பதக்கம் கிடைக்க அவர்கள் போர் முடிந்து ஏறத்தாழ 68 ஆண்டுகள் காத்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அதற்குள் இறந்துவிட்டனர்.

வீரச்செயல் பதக்கங்களை இங்கே தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். விக்டோரியா சிலுவை, அதிகாரிகளுக்கான சிறப்புச் சேவைச் சிலுவை, கீழ்நிலை மாலுமிகளுக்கான சிறப்புச் சேவைப் பதக்கம் போன்றவை ஒரு குறிப்பிட்ட செயலுக்காக, ஒருவர் பரிந்துரைத்து, மற்றொருவர் பரிசீலித்து வழங்கப்பட்டவை. அவற்றுக்குப் பின்னால் ஒரு கோப்பு இருக்கும். போர்முனை நட்சத்திரங்களுக்குப் பின்னால் இருப்பது விதி மட்டுமே.

2. பெயரில்லாத விளிம்பு

முதலில் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்போம். செப்பும் துத்தநாகமும் கலந்த ஆறுமுனை நட்சத்திரம். நடுவே ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முத்திரை எழுத்து, அதன்மேல் கிரீடம், சுற்றி வட்டமாக நட்சத்திரத்தின் பெயர். திருப்பினால் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. மாலுமியின் பெயர் எங்கும் இல்லை.

முதல் உலகப் போரின் பதக்கங்கள் இப்படியல்ல. அவற்றின் விளிம்பிலோ பின்புறத்திலோ பெறுநரின் பெயர், எண், பதவி ஆகியவை பொறிக்கப்பட்டிருந்தன. பழைய கடையில் ஒன்று கிடைத்தாலும் அது யாருடையது என்று தேடிவிடலாம். இரண்டாம் போர் முடிந்தபோது பெறுநர்களின் எண்ணிக்கையையும் செலவையும் கருதி பிரிட்டிஷ் அரசு போர்முனைப் பதக்கங்களில் பெயர் பொறிப்பதைக் கைவிட்டது. ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் தங்கள் வீரர்களுக்குப் பெயர் பொறித்தே வழங்கின.

அதே மாலுமி சிறப்புச் சேவைப் பதக்கம் பெற்றிருந்தால் அதன் விளிம்பு பேசும். பெயரோடு 'பி/ஜேஎக்ஸ்' போன்ற முன்னொட்டுடன் அவருடைய எண்ணும் இருக்கும். முதல் எழுத்து அவர் சேர்ந்திருந்த தலைமைத் துறைமுகம்: போர்ட்ஸ்மத், சாத்தம், டெவன்போர்ட் மூன்றில் ஒன்று. அடுத்து வருவது பிரிவு. ஜேஎக்ஸ் என்றால் மேல்தள மாலுமி. கேஎக்ஸ் என்றால் கொதிகலன் அறையில் வேலை பார்த்தவர். ஒரு விளிம்பிலிருந்தே இத்தனை தெரிந்துவிடுகிறது. போர்முனை நட்சத்திரமோ எவர் மார்பிலும் பொருந்தும்.

பதக்கங்கள் சேர்ந்த விதமும் கவனிக்கத் தக்கது. போர் முடிந்து படையிலிருந்து விலகியவர்கள் விண்ணப்பித்துத்தான் பெற வேண்டியிருந்தது. விண்ணப்பித்தவருக்குத் தபாலில் ஒரு சிறிய அட்டைப் பெட்டி வந்தது. உள்ளே பதக்கங்கள், தைக்கப்படாத நாடாத் துண்டுகள், என்னென்ன வழங்கப்பட்டன என்று குறிப்பிடும் ஒரு சீட்டு. ரேஷன் அட்டையோடும் வேலை தேடும் கவலையோடும் இருந்த பலர் விண்ணப்பிக்கவே இல்லை. வேறு சிலர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அலமாரிக்குள் தள்ளினார்கள். ஆகவே ஒரு குடும்பத்தில் பதக்கமே இல்லை என்பதால் அந்த மனிதர் போரில் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. தொடக்கத்திலேயே இந்த எச்சரிக்கை தேவை.

3. நாட்களின் கணக்கு

1943 ஜூலையில் இரண்டு நட்சத்திரங்கள் அறிவிக்கப்பட்டன: 1939–43 நட்சத்திரமும் ஆப்பிரிக்க நட்சத்திரமும். முன்னது பின்னர் 1939–45 நட்சத்திரமாக நீண்டது. 1945 மே மாதத்தில் மற்றவையும் சேர, மொத்தம் எட்டு நட்சத்திரங்கள் ஆயின. நாடாக்களின் நிறங்களில் மன்னரே அக்கறை காட்டினார் என்பர். 1939–45 நட்சத்திரத்தின் நாடாவில் கருநீலம், சிவப்பு, இளநீலம் என மூன்று பட்டைகள். அவை கடற்படை, தரைப்படை, வான்படை. அட்லாண்டிக்கின் நாடா நீலமும் வெள்ளையும் கடற்பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று கரையும் அலைநிறம். எல்லா நாடாக்களிலும் அழகானது இதுவே என்பது என் எண்ணம்.

அழகு நாடாவோடு நின்றுவிடுகிறது. மீதியெல்லாம் கணக்கு. கடற்படையினருக்கு 1939–45 நட்சத்திரம் கிடைக்கப் போர் நடவடிக்கைப் பகுதியில் கப்பலில் 180 நாள் பணி வேண்டும். அதைச் சம்பாதித்த பிறகுதான் அட்லாண்டிக் நட்சத்திரத்துக்கான கணக்கே தொடங்கும். அதற்கு மேலும் ஆறு மாதம். சேவையின்போது இறந்தவர், காயத்தால் பணியிழந்தவர், வீரச்செயல் விருது பெற்றவர் ஆகியோருக்கு விலக்கு இருந்தது. மற்றவர்கள் நாட்களை நிரப்பியாக வேண்டும்.

ஆப்பிரிக்க நட்சத்திரத்துக்கோ இந்தக் கணக்கு கிடையாது. 1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரை மத்தியதரைக் கடலில் ஒரு நாள் கப்பலில் இருந்தாலே போதும். ஆப்பிரிக்க மண்ணை மிதிக்காமல், மால்டாவுக்குச் சரக்கு கொண்டுசென்ற கான்வாய் ஒன்றில் போய்வந்தவருக்கும் அது உரியது. மால்டா கான்வாய்களின் ஆபத்தை இங்கே யாரும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு கடலில் ஒரு நாள், இன்னொரு கடலில் ஓராண்டு என்ற இந்த வித்தியாசம் எந்த ஆபத்தை அளந்து வந்தது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு விதி வாசகரைக் குழப்பக்கூடியது. அட்லாண்டிக், ஐரோப்பிய வான்படை, பிரான்ஸ்–ஜெர்மனி ஆகிய மூன்றில் ஒருவர் ஒன்றை மட்டுமே பெறலாம். முதலில் சம்பாதித்தது நட்சத்திரமாக வரும். அடுத்தது அதன் நாடாவில் ஒரு பட்டயமாகச் சேரும். அட்லாண்டிக்கில் பணியாற்றிவிட்டு நார்மண்டிக் கரையில் படகு செலுத்திய மாலுமியிடம் பிரான்ஸ்–ஜெர்மனி நட்சத்திரம் இருக்காது. நாடாவில் ஒரு சிறு உலோகத் துண்டு இருக்கும். அந்தத் துண்டு கழன்று தொலைந்துபோனால் நார்மண்டியும் அவர் கதையிலிருந்து தொலைந்துவிடும். பர்மா, பசிபிக் நட்சத்திரங்களுக்கும் இதே விதிதான்.

4. வட துருவ வழி

1941 ஜூனில் ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுத்தது. ஆகஸ்ட் மாதமே முதல் கான்வாய் புறப்பட்டு, 31ஆம் தேதி ஆர்க்காங்கெல்ஸ்க் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1945 மே வரை 78 கான்வாய்கள் போய்வந்தன. சுமார் 1,400 வணிகக் கப்பல்கள், ஏறத்தாழ 40 லட்சம் டன் சரக்கு: டாங்கிகள், விமானங்கள், லாரிகள், எரிபொருள், உணவு. 85 வணிகக் கப்பல்களும் 16 பிரிட்டிஷ் போர்க்கப்பல்களும் மூழ்கின. இறந்தோர் சுமார் 3,000 பேர்.

ஸ்காட்லாந்தின் லாக் யூவிலிருந்தோ ஐஸ்லாந்தின் குவால்ஃபியோர்டிலிருந்தோ கிளம்பும் கப்பல்கள், ஜெர்மானியர் பிடியிலிருந்த நார்வேயின் கரையைச் சுற்றிக்கொண்டு மூர்மான்ஸ்க்குக்கு அல்லது ஆர்க்காங்கெல்ஸ்க்குக்குப் போக வேண்டும். வடக்கே பனிப்பாறை விளிம்பு, தெற்கே எதிரியின் விமானத் தளங்கள். நடுவே கிடைத்த நீர்ப்பரப்புதான் பாதை. குளிர்காலத்தில் அந்த விளிம்பு தெற்கே இறங்கிவந்து கப்பல்களை எதிரியின் பக்கம் தள்ளும். கோடையில் பனி விலகும், ஆனால் சூரியன் மறையாது. இருபத்துநான்கு மணி நேரமும் குண்டுவீச்சுக்கு வெளிச்சம்.

குளிர்காலத்தில் மேல்தளத்தில் மோதித் தெறிக்கும் நீர் விழுந்த இடத்திலேயே உறைந்தது. கைப்பிடிக் கம்பி, பீரங்கி, பாய்மரக் கயிறு, படகு என எல்லாம் பனி பூண்டன. மேற்பாரம் கூடினால் கப்பல் கவிழும். அதனால் மாலுமிகள் முறைவைத்துக் கோடரியாலும் சுத்தியலாலும் நீராவிக் குழாயாலும் பனியை உடைத்துக் கடலில் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு உரியும். கடலில் விழுந்தவரின் உயிர் நிமிடங்களில் அடங்கும். சண்டை தொடங்கும் முன்பே நடந்துகொண்டிருந்த சண்டை இது. நாட்களைக் கூட்டிப் பார்க்கும் எந்த விதியிலும் இதற்கு இடமில்லை.

1942 ஜூன் இறுதியில் ஐஸ்லாந்திலிருந்து 35 வணிகக் கப்பல்களோடு புறப்பட்ட பிக்யூ 17 கான்வாயின் கதை பலமுறை எழுதப்பட்டது. ஜெர்மனியின் டிர்பிட்ஸ் போர்க்கப்பல் தாக்க வருகிறது என்று அஞ்சி, கடற்படைத் தலைமைத் தளபதி டட்லி பவுண்ட் ஜூலை 4 அன்று கான்வாயைக் கலைந்துபோக உத்தரவிட்டார். காவல் குரூசர்களும் நாசகாரிக் கப்பல்களும் மேற்கே திரும்பின. டிர்பிட்ஸ் வந்து தாக்கவே இல்லை. காவலின்றிச் சிதறிய கப்பல்களை நீர்மூழ்கிகளும் விமானங்களும் ஒவ்வொன்றாக வேட்டையாடின. 24 கப்பல்கள் மூழ்கின.

அந்தக் கலவரத்திலும் ஒருவர் சொந்தமாக யோசித்தார். லியோ கிராட்வெல் போருக்கு முன்பு வழக்கறிஞர். அப்போது 'அயர்ஷர்' என்ற ஆயுதம் பூட்டிய மீன்பிடிக் கப்பலின் தலைவர். மூன்று வணிகக் கப்பல்களைச் சேர்த்துக்கொண்டு கிழக்கே ஓடாமல் நேராகப் பனிப்பரப்புக்குள் நுழைந்தார். ஒரு கப்பலில் கிடைத்த வெள்ளை வண்ணத்தை எல்லாக் கப்பல்களிலும் பூசச் சொன்னார். மேல்தளத்தில் சரக்காக ஏற்றியிருந்த டாங்கிகளின் பீரங்கிகளைத் தயார் நிலையில் திருப்பிவைத்தார்கள். விமானங்களின் கண்ணில் படாமல் காத்திருந்து, பிறகு நகர்ந்து, நான்கு கப்பல்களும் ஆர்க்காங்கெல்ஸ்க் சேர்ந்தன. கிராட்வெல்லுக்குச் சிறப்புச் சேவைச் சிலுவை கிடைத்தது.

வீரச்செயல் பதக்கத்துக்கும் போர்முனைப் பதக்கத்துக்கும் உள்ள இடைவெளி இங்கே நன்றாகத் தெரிகிறது. கிராட்வெல்லின் செயலுக்குச் சான்று உண்டு. அவருக்குக் கீழே இரவில்லாத வானத்தின்கீழ் வண்ணம் பூசிய மாலுமிக்கும், உத்தரவுப்படி மேற்கே திரும்பிப் போய் அந்த வெட்கத்தைக் காலமெல்லாம் சுமந்த நாசகாரிக் கப்பல் மாலுமிக்கும், அட்லாண்டிக்கின் நடுவில் ஆறு மாதம் எதிரியையே காணாமல் திரிந்தவருக்கும் 1945இன் விதி வைத்திருந்தது ஒரே அட்லாண்டிக் நட்சத்திரம். அதுவும் நாட்கள் நிரம்பினால்.

ரஷ்ய வழியில் ஒரு பயணம் போக இரண்டு வாரம் அளவில் ஆகும், திரும்ப அதே அளவு. இரண்டு பயணம் முடித்துவிட்டு வேறு பணிக்கு மாற்றப்பட்டவர் அட்லாண்டிக் நட்சத்திரத்துக்கு எட்டமாட்டார். அவர் மார்பில் ஆர்க்டிக்கின் சுவடே இராது.

5. ஏன் மறுக்கப்பட்டது?

தங்களுக்குத் தனிப் பதக்கம் வேண்டும் என்று கான்வாய் மாலுமிகள் கேட்டபோது அரசு பல பத்தாண்டுகள் ஒரே பதிலைச் சொன்னது: ரஷ்யக் கான்வாய் சேவை அட்லாண்டிக் நட்சத்திரத்தில் அடங்கும், ஒரே சேவைக்கு இரண்டு பதக்கம் இல்லை, நிகழ்ந்து ஐந்தாண்டு கடந்த சேவைக்குப் புதிய பதக்கம் இல்லை. மறுப்புக்கான காரணம் பற்றிப் பொதுவாக இரண்டு விளக்கங்கள் உலவுகின்றன.

முதலாவது, முன்னாள் மாலுமிகள் பலர் நம்பியது: பனிப்போர்தான் காரணம். சோவியத் ஒன்றியத்துக்கு உதவியதைக் கொண்டாட 1940களின் பிற்பகுதியில் எந்த பிரிட்டிஷ் அரசுக்கும் விருப்பமில்லை. அதனால் ஆர்க்டிக் ஓரங்கட்டப்பட்டது. கேட்டதும் மனம் ஏற்றுக்கொள்ளும் விளக்கம் இது. ஆனால் காலவரிசை இடிக்கிறது. அட்லாண்டிக் நட்சத்திரம் அறிவிக்கப்பட்டது 1945 மே மாதத்தில். பெர்லின் வீழ்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஸ்டாலின் அப்போதும் கூட்டாளி. போட்ஸ்டாம் மாநாடே அதற்குப் பிறகுதான். வட ரஷ்ய வழியை அட்லாண்டிக்கோடு இணைத்த முடிவைப் பனிப்போரின் கணக்கில் எழுதுவது பொருந்தாது. அந்த முடிவைப் பிறகு திருத்த யாரும் முன்வராததற்குப் பனிப்போர் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். தொடக்கத்துக்கும் தொடர்ச்சிக்கும் காரணம் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது விளக்கம் அதிகாரிகளுடையது: எல்லாம் விதிப்படி நடந்தது, உள்நோக்கம் எதுவுமில்லை. இதுவும் முழுமையாக இல்லை. எல்லா முனைகளுக்கும் நட்சத்திரம் கொடுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் நட்சத்திரம் கொடுக்காமலேயே ஒரு போரைத் தனித்துக் காட்டும் வழி 1945இலேயே கையிருப்பில் இருந்தது. பிரிட்டன் வான்போரில் பறந்தவர்களுக்கு 1939–45 நட்சத்திரத்தின் நாடாவில் தனிப் பட்டயம் கொடுத்தார்கள். வட ஆப்பிரிக்கப் போரின் ஒரு கட்டத்துக்கு ஆப்பிரிக்க நட்சத்திரத்தில் பட்டயம் கொடுத்தார்கள். அட்லாண்டிக் நட்சத்திரத்தில் ஆர்க்டிக்குக்கு ஒரு பட்டயம் சேர்த்திருந்தால், இரட்டைப் பதக்கம் என்ற தடை எழுந்திருக்கவே செய்யாது. வழி இருந்தும் கையாளப்படவில்லை.

என் வாசிப்பில் மூலக் காரணம் கடற்படைத் தலைமையகத்தின் சொந்தப் புவியியலே. ரஷ்யக் கான்வாய்களுக்குக் காவல் போனவை ஸ்காப்பா ஃப்ளோவிலிருந்த உள்நாட்டுக் கடற்படையின் கப்பல்களும், அட்லாண்டிக் கான்வாய்களைக் காத்த அதே சிறு கப்பல்களுமே. இந்த மாதம் ஐஸ்லாந்துக்குத் தெற்கே, அடுத்த மாதம் வடக்கே. தலைமையகத்தின் மேசையில் அது ஒரே எதிரியோடு, அதே நீர்மூழ்கிகளோடு நடந்த ஒரே போரின் வடக்கு நீட்சி. கப்பல்களைப் பங்கிடும் அதிகாரிக்கு அந்தப் பார்வை சரியானது. பதக்கம் கொடுக்கும் குழு அதே வரைபடத்தை எடுத்துப் பயன்படுத்தியபோதுதான் கோளாறு தொடங்கியது. கப்பல் எங்கே தேவை என்று பார்க்க வரைந்த கோடு, மனிதர் என்ன பட்டார் என்பதற்கு அளவுகோலாகாது.

இந்தக் கோளாறு எவ்வளவு பிடிவாதமானது என்பதைப் பிந்தைய நிகழ்வுகள் காட்டின. சோவியத் அரசு 1985இல், வெற்றியின் 40ஆம் ஆண்டு நினைவாக, கான்வாய் மாலுமிகளுக்கும் ஒரு பதக்கம் வழங்கியது. அதை அணிந்துகொள்ள பிரிட்டனில் அனுமதி கிடைத்தது 1994இல். அதற்குள் அதைக் கொடுத்த நாடே இல்லாமல் போயிருந்தது. பிரதமர் பிளேரின் ஆட்சிக் காலத்தில் கோட்டு மடிப்பில் குத்திக்கொள்ளும் ஆர்க்டிக் சின்னம் ஒன்று அறிவிக்கப்பட்டு, 2006இல் வழங்கப்பட்டது. அது பதக்கம் அல்ல என்று அரசே சொன்னது; பதக்கம் கேட்டவர்களுக்கு ஒரு குத்தூசி.

போராட்டத்தின் முகமாக விளங்கியவர் ஓய்வுபெற்ற லெப்டினன்ட் கமாண்டர் எடி கிரென்ஃபெல். 1942 மே மாதம் பிக்யூ 16 கான்வாயில் அவர் இருந்த 'எம்பயர் லாரன்ஸ்' குண்டுவீச்சில் மூழ்க, அந்தக் கடலில் விழுந்து பிழைத்தவர். தொண்ணூறைத் தாண்டியும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 2012இல் பிரதமர் டேவிட் கேமரன், போர்ப்பதக்க விதிகளை மறுபரிசீலனை செய்யும் பொறுப்பை முன்னாள் தூதர் ஜான் ஹோம்ஸிடம் ஒப்படைத்தார். அவருடைய பரிந்துரைப்படி அந்த ஆண்டு டிசம்பரில் ஆர்க்டிக் நட்சத்திரமும், குண்டுவீச்சு விமானப் படையினருக்கான பட்டயமும் அறிவிக்கப்பட்டன. 2013 மார்ச்சில் வழங்கல் தொடங்கியது. கிரென்ஃபெல் தமது பதக்கத்தைப் போர்ட்ஸ்மத்தில் பெற்றுக்கொண்டார். ஜூன் இறுதியில் காலமானார்.

புதிய விதி பழையதை அப்படியே தலைகீழாக்கியது. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே எவ்வளவு குறுகிய காலப் பணியும் போதும். கடற்படை, வணிகக் கப்பல், வான்படை, தரைப்படை என்ற பேதம் இல்லை. நாடாவில் மூன்று சேவைகளின் நிறங்களுக்கு நடுவே கருங்கரையிட்ட ஒரு வெள்ளைக் கோடு.

இதே காலத்தில் ரஷ்ய அரசு கான்வாய் மாலுமிகளுக்கு உஷகோவ் பதக்கம் வழங்க முன்வந்தது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகியவை தங்கள் மாலுமிகள் பெற்றுக்கொள்ள அனுமதித்தன. பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை மறுத்தது. சொன்ன காரணம் பழையதே: ஐந்தாண்டு கடந்துவிட்டது, ஏற்கெனவே பிரிட்டிஷ் பதக்கம் உண்டு. அறுபதாண்டுகள் அட்லாண்டிக் நட்சத்திரத்தைக் காட்டி ஆர்க்டிக் நட்சத்திரத்தை மறுத்தவர்கள், ஆர்க்டிக் நட்சத்திரம் வந்த கையோடு அதையும் காட்டி உஷகோவை மறுத்தார்கள். கண்டனம் வலுத்த பிறகு 2013இல் விதி தளர்த்தப்பட்டது.

6. இலங்கைக்குத் தெற்கே ஒரு கோடு

ஆர்க்டிக் விதிவிலக்கா என்று கேட்கலாம். நம் கடலுக்கு வந்தாலும் இதே கதைதான். கடற்படையினருக்கான பர்மா நட்சத்திர விதி வங்காள விரிகுடாவுக்கு ஓர் எல்லை வகுத்தது. இலங்கையின் தென்கோடியிலிருந்து, அதாவது தேவேந்திரமுனையிலிருந்து, தெற்கே 300 மைல். அங்கிருந்து சுமத்ராவின் தென்கோடிக்கு மேற்கே 300 மைலில் உள்ள ஒரு புள்ளி. பிறகு கிழக்கே சுண்டா நீரிணை. இந்தக் கோட்டுக்குள் பணியாற்றியவர் பர்மாவைக் கண்ணால் காணாவிட்டாலும் பர்மா நட்சத்திரத்துக்கு உரியவர். திருகோணமலையிலிருந்து கடலுக்குப் போன கப்பல்கள் வாசலைத் தாண்டியதுமே எல்லைக்குள் இருந்தன.

1942 ஏப்ரலில் அட்மிரல் நகுமோவின் ஜப்பானிய விமானந்தாங்கிப் படை இலங்கையைத் தாக்கியது. ஏப்ரல் 5 அன்று டார்செட்ஷர், கார்ன்வால் என்ற இரு குரூசர்கள் தீவுக்குத் தென்மேற்கே மூழ்கின. 424 பேர் இறந்தனர். 1,100க்கு மேற்பட்டோர் ஒரு நாளுக்கும் மேலாக வெயிலிலும் எண்ணெய் படர்ந்த நீரிலும் மிதந்த பிறகு மீட்கப்பட்டனர். ஏப்ரல் 9 அன்று ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல், தன்னிடம் விமானங்களே இல்லாத நிலையில், மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. 307 பேர் மாண்டனர்.

ஒரே எதிரி, ஒரே விமானப் படை, ஒரே வாரம். ஹெர்மிஸ் மூழ்கிய இடம் கோட்டுக்கு உள்ளே. இரு குரூசர்களும் மூழ்கிய இடம் ஏறத்தாழ 77, 78 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைகளுக்கு இடையில். தேவேந்திரமுனையோ 80 பாகைக்குக் கிழக்கே. ஆக, கோட்டுக்கு வெளியே. பசிபிக் நட்சத்திரத்தின் எல்லையோ இன்னும் வெகு கிழக்கில்தான் தொடங்குகிறது. அந்தக் குரூசர்களின் மாலுமிகள் வேறு பயணங்களால் பர்மா நட்சத்திரத்தைப் பெற்றிருக்கலாம். அது வேறு கணக்கு. அந்த ஏப்ரல் 5ஆம் நாளுக்கு மட்டும் அந்த விதியில் இடமில்லை.

7. இன்னொரு தாள்

அப்படியானால் ஒரு மாலுமியின் போரை எதில் தேடுவது? ஒவ்வொரு கீழ்நிலை மாலுமிக்கும் கடற்படை ஒரு சேவைச் சான்றிதழ் வைத்திருந்தது. இரு பக்கமும் எழுதிய தடித்த மடிப்புத் தாள். பிறந்த ஊர், உயரம், கண்ணின் நிறம், பச்சை குத்தியிருந்தால் அதன் விவரம், பிறகு கப்பல் கப்பலாகப் பெயரும் தேதியும். ஆண்டுதோறும் நடத்தை மதிப்பீடும் கப்பல் தலைவரின் கையெழுத்தும். ஒருவர் இழிவாக வெளியேற்றப்பட்டால் தாளின் மூலையை வெட்டிவிடுவார்கள். வேலை கேட்டுப் போகுமிடத்தில் அந்த வெட்டே பேசிவிடும்.

இத்தாளையும் கவனமாகவே படிக்க வேண்டும். பிரிட்டிஷ் கடற்படை தன் கரைத் தளங்களுக்கும் கப்பல் பெயரே வைத்தது. 'பெம்ப்ரோக்' என்று இருந்தால் சாத்தம் படைவீடு; 'டிரேக்' டெவன்போர்ட்; 'லங்கா' கொழும்பு; 'ஹைஃப்ளையர்' திருகோணமலை. தாத்தா 'லங்கா' என்ற கப்பலில் ஓராண்டு இந்துமாக் கடலில் போரிட்டார் என்று பேரன் எழுதிவிடுவது சுலபம். அவர் கொழும்பில் கிடங்குக் கணக்கு பார்த்திருக்கக்கூடும். கரையில் கழித்த அந்த நாட்கள் கப்பலில் இருந்த நாட்களாக எண்ணப்பட்டிருக்கவும் மாட்டா.

சான்றிதழில் உள்ள கப்பலின் பெயரையும் தேதியையும் எடுத்துக்கொண்டு, அந்தக் கப்பலின் நாட்குறிப்புகளோடும் கான்வாய்ப் பதிவுகளோடும் பொருத்திப் பார்த்தால்தான் மனிதர் எங்கே இருந்தார் என்பது தெரியும். அப்போது பதக்கங்களுக்கும் ஒரு பயன் உண்டு: அவை சரிபார்க்கும் கருவி. சான்றிதழில் மத்தியதரைக் கடல் கப்பல் இருந்தும் ஆப்பிரிக்க நட்சத்திரம் இல்லையென்றால், தேதியோ பதக்கமோ எங்கோ தவறியிருக்கிறது என்று பொருள். பெயர் பொறிக்காத நட்சத்திரங்கள் கடையில் எளிதாகக் கிடைப்பதால், தொலைந்ததற்குப் பதிலாகக் குடும்பத்தாரே வேறொன்றை வாங்கிச் சேர்த்திருப்பதும் நடப்பதுதான். அத்தகைய அடுக்கைத் தனியே ஆதாரமாகக் கொள்ளும் எந்த வரலாறும் மணலில்தான் நிற்கிறது.

வணிகக் கப்பல் மாலுமிகளுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கடுமை. அவர்கள் ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாக ஒப்பந்தம் போட்டவர்கள். 1941 மே மாதம் விதி மாறும் வரை கப்பல் மூழ்கிய நாளோடு பலருக்குச் சம்பளமும் நின்றது. பதக்க விதியில் கடற்படையோடு ஒரே வரிசையில் அவர்கள் வைக்கப்பட்டது உண்மை. கோருவதற்குத் தேவையான தாள்கள் அவர்களிடம் ஒரே இடத்தில் இருந்ததில்லை. கடற்படை வரலாறுகளைவிட வணிக மாலுமிகளின் வரலாறு இன்றும் மெலிந்து கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதை முறையாக ஆராய யாரேனும் முன்வர வேண்டும்.

ஆர்க்டிக் நட்சத்திரத்துக்கு இறந்தவர்களின் நெருங்கிய உறவினர் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிப்போர் பதக்கத்தோடு நின்றுவிடாமல் சேவைச் சான்றிதழின் நகலையும் கேட்டு வாங்க வேண்டும். சுவரில் மாட்டுவதாக இருந்தால் இரண்டையும் சேர்த்து மாட்டுங்கள்.